செம்மண்ணின் பசி

செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டின் நிறம்; வளத்தின் அடையாளமன்று. அயன மண்டல வெப்பமும் மழையும் பாறையை நெடுங்காலம் சிதைக்கும்போது சிலிக்காவும் கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் முதலியனவும் கரைந்து போகின்றன. எஞ்சுவன பெரும்பாலும் கயோலினைற்று என்னும் களிக்கனியமும் இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளுமே.

களித்துணிக்கையின் மறையேற்றமே நேரேற்றம் கொண்ட போசணைகளைப் பிடித்து வைக்கிறது. முருங்கனின் கருங்களிமண்ணில் மிகுந்துள்ள மொன்மொரிலோனைற்றுக்குக் கிலோகிராமுக்கு 80 முதல் 120 சென்ரிமோல் வரை பிடிக்கும் ஆற்றலுண்டு. கயோலினைற்றுக்கோ 3 முதல் 15 வரைதான். ஆகவே ஈரவலயச் செம்மண்ணில் ஒரேயடியாக இடும் பொற்றாசியப் பசளையில் பெரும்பங்கு மழையோடு போய்விடுகிறது. பொசுபரசின் கதை வேறு: இரும்பு ஒட்சைட்டு அதை இறுகப் பற்றிக்கொண்டு வேருக்கு விடுவதில்லை.

இதனாலேயே பசளையைச் சிறு சிறு பங்காக, பலமுறை இடச் சொல்கிறார்கள். அமிலத்தன்மை மிகுந்த மண்ணுக்கு டொலமைற்று உதவும். எல்லாவற்றிலும் மேலானது உக்கல். கயோலினைற்றைவிடப் பல மடங்கு போசணையை அது தாங்கும். பொசுபரசு இறுகுவதையும் குறைக்கும். எனினும் நம் வெப்பத்தில் உக்கல் விரைவில் அழிவதால் ஆண்டுதோறும் சேர்க்க வேண்டும்.

முற்றத்தில் கூட்டிக் கொளுத்தும் சருகு குப்பையன்று. நம் செம்மண்ணுக்குரிய உணவு.