ஒரு விள்ளல் கேசரி

நவராத்திரி விழாவின் ஒன்பதாம் நாள். எமது கல்லூரி மண்டபத்திற் பூசை நிறைவெய்திப் பிரசாதம் வழங்கப்பட்டுக்கொண்டிருந்தது. பல்லாண்டுகளின் முன் எம்மிடம் பயின்று, இப்போது கனடாவில் வாழும் மாணவி ஒருத்தி தன் எட்டு வயது மகளுடன் வந்திருந்தாள். அவலையும் கடலையையும் வாழைப்பழத்தையும் மகிழ்வோடு பெற்றுக்கொண்ட அச்சிறுமி, கேசரியை நீட்டியபோது மட்டும் கையைப் பின்னே இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம், மாமா" என்றாள்.

தாய் சற்றுத் தூரத்தில் யாருடனோ உரையாடிக்கொண்டிருந்தாள். "பிரசாதத்தை மறுக்கக்கூடாது, பிள்ளை. ஒரு விள்ளலாவது வாயிற் போடு" என்றோம் நாம். சிறுமி எம் முகத்தைப் பார்த்தாள். பெரியவர் சொல்லை மறுக்க அஞ்சி, வாங்கி உண்டாள். பிறநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எம்மவர் பண்டம் பிடிக்கவில்லைப் போலும் என எண்ணிக்கொண்டு, நாம் அடுத்தவரை நோக்கித் திரும்பினோம்.

அன்றிரவே அவளுக்கு வாந்தியும் கடும் வயிற்று நோவும் கண்டன. இரண்டு நாட் படுக்கையில் வாடினாள். செய்தியறிந்து பார்க்கச் சென்றபோது தாய் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "சேர், அவளுக்குக் கோதுமை நஞ்சு. நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேணும்" என்றாள்.

தாய் சொல்லாவிடினும் பிள்ளை சொன்னாளே! கேளாதது நாமன்றோ? அன்று தொட்டு இந்நோயைப் பற்றித் தேடிப் படித்தோம். எம்மைப் போன்ற தவற்றைப் பிறரும் செய்யாதிருக்கும் பொருட்டு, படித்தவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதத் துணிகிறோம்.

நோயின் தன்மை

இதனைச் சீலியாக் நோய் என்பர். வயிற்றைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது இப்பெயர். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் எனப்படும் புரதம் உண்டு. பாண் மாவுக்கு இழுபடும் தன்மையைக் கொடுப்பது இதுவே. பெரும்பாலோருக்கு இதனால் யாதொரு தீங்குமில்லை. ஆனால், பிறப்பிலேயே இதற்கு இடமளிக்கும் பரம்பரை அலகுகளைக் கொண்ட சிலரில், உடலின் காவற்படையானது இப்புரதத்தைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கிறது. அப்போரில் அழிவது சொந்த வீடேயாம்.

சிறுகுடலின் உட்சுவரிற் சடைமுளைகள் என்னும் நுண்ணிய விரல் போன்ற உறுப்புகள் எண்ணிறந்தன உள. உணவின் சத்தை உறிஞ்சி இரத்தத்திற் சேர்ப்பன அவையே. நோயினால் அவை தேய்ந்து மட்டமாகிவிடின், அறுசுவை உண்டி அருந்தினும் உடல் பட்டினி கிடக்கும். வயிறு உப்புதல், நீண்டநாட் கழிச்சல், குழந்தை வளராமை, சோர்வு, இரும்புச் சத்து மருந்துக்கும் மசியாத குருதிச்சோகை, எலும்பு நலிவு, சிலரிற் கடும் அரிப்புடன் கூடிய கொப்புளங்கள் என்பன இதன் குறிகள். வயிற்றிற் குறியேதுமின்றி மறைந்திருப்பதும் உண்டு.

எம் மாணவியின் மகள் மூன்று வயதிலே வளர்ச்சி குன்றினாளாம். கைகால்கள் மெலிந்து, வயிறு பருத்து, எந்நேரமும் சிணுங்கினாளாம். உறவினர் பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார்கள். வேறு சிலர் கண்ணூறு என்றார்கள். "சாப்பாட்டில் பிடிவாதம், நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று தாயைக் குறை கூறியோரும் உளர். நோய் இன்னதெனத் தெரிய இரண்டு ஆண்டுகள் சென்றன.

ஒரு தாயின் சொல்

இந்நோயின் காரணம் கண்டறியப்பட்ட வரலாறு மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்கது. 1888ஆம் ஆண்டில் சாமுவேல் ஜீ என்னும் ஆங்கில வைத்தியர் இதன் குறிகளைத் தெளிவுற எழுதி, இந்நோய் தீருமாயின் உணவு முறையாலேயே தீர வேண்டும் என்றார். ஆயின் எவ்வுணவு ஆகாது என்பதை அவர் அறிந்தாரல்லர். அரிசி ஆகாதென விலக்கிய அவர், நன்றாக வாட்டிய மெல்லிய பாண் துண்டுகளை அனுமதித்தார்! நாள்தோறும் ஒல்லாந்து நாட்டு மட்டி உண்டு தேறிய குழந்தையொன்றைப் பற்றியும் குறிப்பிட்டார். மட்டியின் பருவம் கழிந்ததும் அக்குழந்தையின் நோய் மீண்டும் வந்ததாம். 1924இல் நியூயோர்க்கைச் சேர்ந்த சிட்னி ஹாஸ் என்னும் வைத்தியர் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவினாற் பல குழந்தைகளைத் தேற்றினார். அவரும் உண்மையின் அருகே சென்றாரேயன்றி, குற்றவாளி கோதுமையே என அறியவில்லை.

அதனைக் கண்டவர் ஒல்லாந்தரான வில்லெம் காரெல் டிக்கே. 1936ஆம் ஆண்டளவில் ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் வைத்தியசாலையில் அவர் கடமையாற்றியபோது ஓர் இளந்தாய், தன் பிள்ளையின் உணவிலிருந்து பாணை நீக்கினால் உடம்பிலுள்ள தடிப்புகள் விரைவில் மாறுகின்றன என்று கூறினாளாம். பட்டம் பெற்ற நிபுணர் ஒருவர் அப்பேச்சைப் புறந்தள்ளியிருத்தல் எளிது. டிக்கே அவ்வாறு செய்யவில்லை. கோதுமையை நீக்கியும் சேர்த்தும் பொறுமையோடு சோதிக்கத் தொடங்கினார்.

பின்னர் யுத்தம் மூண்டது. 1944ஆம் ஆண்டு இறுதியில், ஜெர்மானியரின் பிடியிலிருந்த ஒல்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வது தடைப்பட்டது. பஞ்சத்தால் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் மாண்டனர். மக்கள் தூலிப் பூவின் கிழங்கையும் அவித்துண்டனர். ஊரெல்லாம் வாடிய அக்காலத்தில், பாண் கிடைக்காத சீலியாக் குழந்தைகளின் நிலை மாத்திரம் மோசமடையாது தேறியது என்றும், மீண்டும் பாண் கிடைத்ததும் நோய் திரும்பிற்று என்றும் கூறுவர். டிக்கே முன்னரே கொண்டிருந்த ஐயத்தை இது உறுதிப்படுத்தியது. 1950இல் உத்ரெக்ற் சர்வகலாசாலைக்குத் தம் ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பித்தார். அதன்பின் வைத்தியர் வேயர்ஸ், இரசாயன அறிஞர் வான் டி காமர் ஆகியோருடன் சேர்ந்து, தீங்கு செய்வது கோதுமையின் மாப்பொருளன்று, குளூட்டனே என நிறுவினார்.

உயர்ந்த கருவிகள் பலவற்றைக் கொண்டிருந்தோர் காணாததை, ஒரு தாயின் சொல்லுக்குச் செவிசாய்த்த வைத்தியர் கண்டார். எமது உள்ளத்தை மிகவும் தைத்தது இதுவே.

எம் சமையலறையில்

இன்றைய கணிப்பின்படி, உலகில் ஏறத்தாழ நூற்றுவரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அவருட் பலர் தமக்கு நோயிருப்பதையே அறியார். கோதுமை உண்ணும் வட இந்தியாவினும், அரிசி உண்ணும் தென்னிந்தியாவில் இது மிக அரிது. ஆயினும் இல்லையெனக் கூறவியலாது. எம் பிள்ளைகள் பலர் பாணே பிரதான உணவாகவுள்ள நாடுகளிற் பிறந்து வளர்கின்றனர். இங்கும் பாணும் கொத்துரொட்டியும் றோல்சும் அன்றாட உணவாகிவிட்டன.

இதற்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை. அவ்வாறு விலக்கின் சடைமுளைகள் மீண்டும் வளரும்; பிள்ளையும் தளிர்க்கும். நல்ல காலமாக, சோறு, குரக்கன், தினை, சாமை, சோளம், உழுந்து, பயறு, மரவள்ளி, ஒடியல் யாவும் இவர்களுக்கு உகந்தனவே.

ஆனால் மறைந்திருக்கும் கோதுமையையிட்டு விழிப்பு வேண்டும். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மா கலப்போர் பலர். எம் ஊர்த் தோசையிலும் அது சேர்வதுண்டு. ரவையும் சேமியாவும் கோதுமையே. கடையில் விற்கும் பெருங்காயத்தூளிற் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். சோயா சோசிலும், பார்லியின் முளையிலிருந்து செய்யும் மோல்ற் பானங்களிலும் குளூட்டன் உண்டு. கோதுமை மா அரித்த அரிதட்டில் அரிசி மாவை அரிப்பதும், றோல்ஸ் பொரித்த எண்ணெயில் வடை சுடுவதும் ஆகா. குளூட்டன் அற்றது என அடையாளமிடப்படும் உணவில், ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது சர்வதேச உணவு நியமம். இத்துணை நுண்ணிய அளவு பேசப்படுமிடத்து, "ஒரு விள்ளல்தானே" என்ற எம் பேச்சு எவ்வளவு அறியாமை!

இரண்டு எச்சரிக்கைகள்

கோதுமையால் வரும் துன்பமெல்லாம் சீலியாக் நோயன்று. உண்ட சிறிது நேரத்தில் உடல் தடித்து மூச்சுத் திணறச் செய்யும் கோதுமை ஒவ்வாமை வேறு. சோதனையிற் சீலியாக் நோய் தென்படாதபோதும் கோதுமையால் வயிறு வருந்துவோர் வேறு. பாலிலுள்ள சர்க்கரையைச் சமிக்க இயலாமையும் வேறு. ஆயினும் சீலியாக் நோயாற் குடல் புண்பட்டோருக்கு அது தற்காலிகமாகக் கூடவே வருவதுண்டு. எனவே, தாமே நோயை முடிவு செய்தல் தவறு.

மற்றொன்று, ஐயமுற்றவுடன் கோதுமையை நிறுத்திவிட்டுப் பின்னர் வைத்தியரிடம் செல்லலாகாது. கோதுமையை உண்டு வருங்காலத்திலேயே இரத்தச் சோதனையும், வேண்டின் சிறுகுடற் சோதனையும் உண்மையைக் காட்டும். ஒருவருக்கு நோய் உறுதியாயின், பெற்றோரும் உடன்பிறந்தோரும் தம்மைச் சோதித்துக்கொள்வது நன்று. நோயில்லாதார் நாகரிகம் கருதிக் கோதுமையை வெறுக்க வேண்டியதில்லை.

திருவள்ளுவர் மருந்து என ஓர் அதிகாரம் வகுத்து, அதிற் பெரும்பகுதியை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். விருந்தோம்பலை உயிரெனப் போற்றும் நாமோ, வற்புறுத்தி உண்பிப்பதையே அன்பின் அடையாளமாகக் கொண்டுவிட்டோம். வேண்டாம் என்பவரிடம் ஏனென்று ஒருமுறை கேட்பதும் விருந்தோம்பலே.

அச்சிறுமி ஊர் திரும்புமுன் எம் இல்லத்திற்கு விருந்துண்ண வந்தாள். எம் மனைவியார் புதிய அரிதட்டு வாங்கி, வீட்டில் இடித்த அரிசி மாவிற் புட்டு அவித்து, சவ்வரிசிப் பாயசமும் காய்ச்சியிருந்தார். "இதில் கோதுமை இல்லையா, மாமி?" என்று சிறுமி கேட்டாள். மனைவியார் அவளைச் சமையலறைக்குள் அழைத்துச் சென்று, மா வைத்த பேணியையும் அரிதட்டையும் காட்டினார். அதன்பின் அவள் இருமுறை கேட்டு வாங்கி உண்டாள்.

அடுத்த நவராத்திரிக்கு எம் கல்லூரியிற் கேசரிக்குப் பதிலாகச் சர்க்கரைப் பொங்கல் பொங்குவதென முடிவு செய்துள்ளோம்.