நாள் தவறாத் தியானம்

தியானம் செய்யத் தொடங்குவோர் பலர். அதைத் தொடர்ந்து செய்வோர் மிகச் சிலர். புத்தாண்டு நாளிலோ, நல்லதொரு சொற்பொழிவைக் கேட்ட மறுநாளிலோ, இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று வைத்தியர் எச்சரித்த வாரத்திலோ பாயை விரித்து அமர்கிறோம். பத்து நாட்கள் செல்கின்றன. ஊரிலிருந்து கலியாணப் பத்திரிகை வருகிறது. பிரயாணம் முடிந்து திரும்பினால் அலுவலகத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. பாய் சுருட்டியபடியே மூலையில் நின்றுவிடுகிறது. நமக்கு மனவுறுதி போதாது என்று நம்மை நாமே கடிந்துகொண்டு, அந்த முயற்சியை மறந்துவிடுகிறோம். உறுதி குறைந்ததுதானா காரணம்? இதைச் சற்றே ஆராய்வது, சிறப்பாக வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்க்கு, பயன் தரும் என்று கருதுகிறோம்.

சொந்த ஊரில் வாழ்பவருக்கு நாளை வகுத்துக் கொடுக்கப் பல துணைகள் உண்டு. விடியலில் வாசல் தெளிக்கும் ஓசை, காலசந்திக்கு அடிக்கும் கோயில் மணி, அந்தியில் விளக்கேற்றும் பாட்டி என்று, நாம் நினையாவிட்டாலும் நமக்கு நினைவூட்ட ஏதேனும் ஒன்று இருக்கும். மாதுங்காவிலோ கரோல்பாக்கிலோ அல்சூரிலோ ஓர் அடுக்குவீட்டில் குடியிருப்பவருக்கு இத்துணைகள் அருகிப்போகின்றன. அலுவலக நேரமும் ரயில் நேரமுமே அவருடைய நாளை வகுக்கின்றன. ஆகவே, தியானத்திற்கு உரிய துணையை அவர் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியவராகிறார்.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் மாற்றலாகி நாம் திருவனந்தபுரம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குடியிருப்பது சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இக்கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவானது. கன்னியாகுமரிப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை இவ்வூரின் ஆட்சியில் இருந்தமையால், தமிழ் வணிகர்க்கும் தொழிலாளர்க்கும் இத்தெரு அந்நியமானதன்று. ஆ. மாதவன் என்னும் தமிழ் எழுத்தாளர் இங்கே கடை நடத்திக்கொண்டே இத்தெரு மனிதர்களைக் கதைகளாக எழுதினார். 2015ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்றார். விடியுமுன்பே தமிழகத்திலிருந்து காய்கறி லாரிகள் வந்து நிற்கும். தோவாளைப் பூக்கூடைகள் இறங்கும். சுமட்டுத் தொழிலாளர் என்று இங்கே வழங்கும் சுமைதூக்குவோரின் குரல்கள் எழும். அமைதியை நாடுபவர் தேடி வரும் இடமன்று இது.

இத்தகைய இடத்தில் தியானத்தைத் தொடங்க நமக்கு ஒரு காரணம் நேர்ந்தது. ஊரில் இருக்கும் எம் அன்னைக்கு நினைவு தளரத் தொடங்கியிருந்தது. மாலைதோறும் தொலைபேசியில் பேசும்போது, “சாப்பிட்டியா?” என்ற ஒரே கேள்வியை நான்கு முறை கேட்பார். ஒரு நாள் நான்காம் முறை நாம் சீறி விழுந்தோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு மெல்லிய குரலில் ஐந்தாம் முறையாக அதே கேள்வி வந்தது. கேட்டதும் மறந்துவிட்டது, சீறியதும் அவருக்கு மறந்துவிட்டது. நமக்கு மறக்கவில்லை. மறுநாள் காலை பாயை விரித்தோம்.

பதினொரு நாட்கள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் திருநெல்வேலிக்குப் பயணம். அதன்பின் நான்கு மாதங்கள் பாயைத் தொடவில்லை. ஒரு மாலை, வழக்கமாக மளிகை வாங்கும் அண்ணாச்சியிடம் பேச்சுவாக்கில், “மனசு ஒட்டலை அண்ணாச்சி, விட்டாச்சு” என்றோம். அவர் பொட்டலம் கட்டியபடியே, “கடை திறக்க மனசு வேணுமா ஸார்? சாவி போதாதா? திறந்து வச்சா ஆள் வர்ற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு” என்றார். நாற்பது ஆண்டுகளாகக் காலையில் கதவைத் திறந்து, வாசலில் நீர் தெளித்து, ஊதுவத்தி ஏற்றி உட்காருபவர் அவர். வீட்டில் ஒரு மறைவு நேர்ந்தபோது பதினாறு நாட்கள் கடை பூட்டியிருந்தது. பதினேழாம் நாள் திறந்தார். கடை முடிந்துபோயிற்று என்று இடையில் எவரும் எண்ணவில்லை.

இவ்விரு செய்திகளிலும் தினசரித் தியானத்தின் மர்மம் முழுவதும் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். அமர்வதற்கு மனநிலையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. தவறிய நாளைக் கண்டு நின்றுவிட வேண்டியதும் இல்லை.

இங்கே தியானம் என்று நாம் சொல்வது விழிப்புணர்வுப் பயிற்சியை. முதுகை நிமிர்த்தி, உடலைத் தளர்த்தி அமர்ந்து, மூச்சு உட்செல்வதையும் வெளிவருவதையும் கவனிப்பதே அது. மூச்சை அடக்கவோ நீட்டவோ வேண்டாம். சிறிது நேரத்தில் மனம் வீட்டு வாடகைக்கோ மேலதிகாரியின் முகத்துக்கோ ஓடிவிடும். ஓடியது தெரிந்தவுடன், கோபமின்றி, மறுபடியும் மூச்சினிடத்தே கொணர வேண்டும். பாலிமொழிப் புத்த நூல்கள் இதனை ஆனாபானசதி என்று விளக்குகின்றன. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சையும் தியானத்தையும் பற்றி விரித்துரைத்துள்ளார். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர் தீராவலியால் துன்புற்ற நோயாளிகளுக்காக, ஒரு பயிற்சியாக இதனை வகுத்தார். அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது.

மனம் ஓடுவதைத் தோல்வி என்று எண்ணுவதாலேயே பலர் இப்பயிற்சியைக் கைவிடுகின்றனர். பத்து நிமிடத்தில் மனம் முப்பது முறை ஓடி, முப்பது முறை திரும்பினால், திரும்பும் பயிற்சி முப்பது முறை நடந்திருக்கிறது என்பதே பொருள். நாட்கள் தவறுவதும் இதுபோன்றதே. ஒரு மூச்சைத் தவறவிட்டால் அடுத்த மூச்சிலும், ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த நாளிலும் திரும்பி வந்துவிடலாம்.

இல்லறமும் உத்தியோகமும் தியானத்திற்குத் தடை என்று கூறுவோர் உண்டு. சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது தைக்காடு. அங்கிருந்த ஆங்கிலேய ரெஸிடென்ஸியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூப்பரிண்டெண்டாகப் பணியாற்றியவர் அய்யாவு சுவாமிகள் (1814–1909). சுப்பராயன் என்னும் இயற்பெயருடைய இவர் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர். மனைவி மக்களோடு வாழ்ந்தவர். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். சிவராஜயோகத்தில் தேர்ந்த இவரிடம், பின்னாளில் கேரளத்தையே மாற்றியமைத்த சட்டம்பி சுவாமிகளும் (1853–1924) ஸ்ரீ நாராயண குருவும் (1856–1928) யோகம் பயின்றனர். பிறந்த மண்ணை விட்டு வந்து, கோப்புகளுக்கிடையே வாழ்ந்த ஒரு தமிழர் அவர் என்பதை எண்ணும்போது, நமக்கு நேரமில்லை என்று சொல்ல நா எழுவதில்லை.

தமிழர் பலர் ஒருகாலத்தில் வாழ்ந்த ரங்கூனிலும் இத்தகைய ஒருவர் இருந்தார். ஊ பா கின் (1899–1971) என்பது அவர் பெயர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபோது அந்நாட்டின் தலைமைக் கணக்கு அதிகாரியாகப் பொறுப்பேற்றவர். தாம் தியானம் பயின்றதோடு, தம் அலுவலகத்திலேயே ஊழியர்க்குத் தியானம் கற்பித்தார். 1952இல் ரங்கூனில் ஒரு தியான நிலையத்தையும் நிறுவினார். கடும் தலைவலிக்குத் தீர்வு தேடி 1955இல் அவரிடம் சென்ற வணிகர் ச. நா. கோயங்கா, 1969 முதல் இந்தியாவில் விபாசனையைக் கற்பித்தார். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்பது அம்மரபின் அளவு. தொடங்குவோர் இவ்வளவைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. தம்மால் இயன்ற அளவில் தொடங்கலாம்.

பழக்கம் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை விஞ்ஞானிகளும் ஆராய்ந்துள்ளனர். லண்டன் யூனிவர்சிடி கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் பங்கேற்றனர். உணவு, பானம், உடற்பயிற்சி ஆகியவற்றில் சிறியதொரு செயலைத் தேர்ந்து, நாள்தோறும் ஒரே சந்தர்ப்பத்தில் அதைச் செய்துவருமாறு அவர்களிடம் கூறப்பட்டது. அச்செயல் தானே நிகழும் பழக்கமாக மாறுவதற்கு நடுத்தரக் கணக்கில் 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்கள் போதுமாயிருந்தன. சிலருக்கு 254 நாட்கள் வரை தேவை என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு முறை தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதும் பாதிக்கவில்லை. தியானத்தை நேரே ஆராய்ந்ததன்று இது. எனினும் நமக்குப் பாடம் உண்டு. பதினொரு நாளில் பழக்கமாகவில்லையே என்று வருந்துவது, நட்ட பதினோராம் நாளில் தென்னையில் இளநீர் தேடுவதை ஒக்கும்.

நம் அனுபவத்தில் உதவிய சில வழிகளைக் கூறுவோம். முதலாவது, தியானத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், ஏற்கெனவே தவறாது நடக்கும் ஒரு செயலோடு கட்டுதல். நாம் பல் விளக்கிய பின், காப்பிக்கு முன் என்று வைத்துக்கொண்டோம். ஊருக்குப் போனாலும் பல் விளக்காமல் இருப்பதில்லை. ஆதலால் தியானமும் உடன் வந்தது. இரவுப் பணி பார்ப்போர் பணி முடிந்து கைகால் கழுவிய பின் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அளவைச் சிறிதாக வைத்தல். பத்து நிமிடம் போதும். இயலாத நாளில் ஐந்து மூச்சு போதும். ஐந்து மூச்சும் அந்நாளைத் தவறாத நாளாக்கும். மூன்றாவது, இடம். ஓரறை வீட்டில் தனியறைக்கு வழியில்லை. பாய் விரிக்கும் மூலை ஒன்றே என்றும் இருக்கட்டும். கைத்தொலைபேசி அடுத்த மூலையில் இருக்கட்டும். தெருவின் சந்தடியைப் பகையாகக் கருத வேண்டாம். லாரியின் ஓசை கேட்டால், கேட்டது என்று அறிந்து மூச்சுக்குத் திரும்புதலே போதும்.

நான்காவது, தவறிய நாளுக்கு முன்கூட்டியே ஒரு விதி வைத்தல். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக்கி ஈடுசெய்ய முயல வேண்டாம். வழக்கமான பத்து நிமிடத்தையே செய்ய வேண்டும். ஈடுசெய்யும் கடன் ஏறினால் கடையே திறவாது. ஐந்தாவது, துணை. நண்பர் ஒருவர் வேறு ஊரில் இருந்தாலும், “அமர்ந்தேன்” என்ற ஒரு சொல்லை நாள்தோறும் பரிமாறிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். தியானம் மருந்துக்கு மாற்றன்று. கண்ணை மூடி அமரும்போது பழைய துயரமோ அச்சமோ தாங்கவொண்ணாதபடி எழுமாயின், கண்ணைத் திறந்துகொண்டு நிறுத்திவிடலாம். தேர்ந்த ஆசிரியரையோ மனநல வைத்தியரையோ அணுகுவதில் குறைவேதும் இல்லை.

நாம் மீண்டும் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தவறிய நாட்கள் பல உண்டு. தவறிய வாரம் ஒன்றும் உண்டு. பேரமைதி எதையும் கண்டதாகச் சொல்லத் துணியோம். அன்னையின் நினைவு இன்னும் தளர்ந்திருக்கிறது. மாலையில் அதே கேள்வி நான்காம் முறை வரும்போது, விடைக்கு முன்னால் ஒரு மூச்சு வந்து நிற்கிறது. “சாப்பிட்டேன் அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்று கேட்க அந்த இடைவெளி போதுமாக இருக்கிறது. சில மாலைகளில் அம்மூச்சு வருவதில்லை, குரல் உயர்ந்துவிடுகிறது. அதற்காகவே மறுநாள் காலையிலும், வாசலில் காய்கறி லாரி நிற்க, பாயை விரிக்கிறோம்.