பண்டிகை விருந்தும் பண்ணைக் கணக்கும்

(வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



ஏசுநாதர் பிறந்த நாளைப் பல தேசங்களிலே கொண்டாடுகிறார்கள். பண்டிகை ஒன்றுதான். ஆனால் விருந்துக்கு வருகிற பிராணி மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்திலே வான்கோழி, ஜெர்மனியிலே கூஸ் வாத்து, செக் நாட்டிலே கெண்டை மீன், எத்தியோப்பியாவிலே கோழிக் குழம்பு. 'இன்னதைத்தான் சாப்பிடணும்' என்று வேதப் புத்தகம் சொல்லவில்லை. பருவமும் தீவனமும் விரதமும் சேர்ந்து முடிவு செய்த சங்கதி இது. எப்படி என்று பார்ப்போம், வாங்க.

ஐரோப்பாவின் வடபகுதியில் டிசம்பர் மாதம் கடுங்குளிர். பச்சைப் புல் கிடைக்காது. சேர்த்து வைத்த உலர்புல்லை வைத்துத்தான் மூன்று நான்கு மாதம் ஓட்டணும். அதனால் கறவையையும், உழவு மாட்டையும், இனவிருத்திக்கு வேண்டியதையும் நிறுத்திக்கொண்டு, மற்ற உருப்படிகளைக் குளிர் முற்றும் முன்பே கழித்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். காட்டிலே ஓக் மரத்துக் கொட்டைகளைத் தின்று பன்றி கொழுத்திருக்கும் சமயமும் அதுதான். குளிரிலே இறைச்சி சீக்கிரம் கெடாது. உப்புப் போட்டும் வைப்பார்கள். சுவீடனில் பண்டிகைக்குப் பன்றித் தொடை பிரதானமாக இருப்பதற்கு இதுதான் காரணம். நார்வேயில் கிழக்கே பன்றி விலாக்கறி. மேற்கே, ஆடு மேய்கிற மலைச் சீமையிலே, உப்புப் போட்டு உலர்த்திய ஆட்டு விலா எலும்பு. ஒரே தேசத்துக்குள்ளேயே இரண்டு விருந்து, பார்த்தீங்களா!

ஜெர்மனியிலே கூஸ் வாத்துக்கு மவுசு. நீண்ட கழுத்தோடு, ஆள் வந்தால் கூப்பாடு போடுமே, அந்த வாத்துதான். அறுவடை முடிந்த வயலிலே சிந்திய தானியத்தைப் பொறுக்கித் தின்று, நவம்பருக்குள் நன்றாகக் கொழுத்துவிடும். நவம்பர் 11-ல் வருகிற புனித மார்ட்டின் திருநாளுக்கும் அதுதான், கிறிஸ்துமஸுக்கும் அதுதான்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் வாத்துதான் பெரிய விருந்து. ஏழைகள் வாராவாரம் கொஞ்சம் காசு கட்டி, பண்டிகைக்கு வாத்து வாங்கிக்கொள்வார்கள். நம்ம தீபாவளிச் சீட்டு மாதிரி. வான்கோழி அவர்கள் ஊர்ப் பறவை அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. ரயிலும் லாரியும் இல்லாத காலத்தில், நார்ஃபோக், சஃபோக் பகுதி விவசாயிகள் அதை லண்டன் சந்தைக்கு நடத்தியே கூட்டிப் போனார்கள். ஒரு மந்தையில் 300 முதல் 1,000 வரை இருக்கும் என்று டேனியல் டீஃபோ என்ற எழுத்தாளர் 1720-களில் எழுதி வைத்திருக்கிறார். ஆகஸ்டிலேயே ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். காரணம், அக்டோபருக்கு மேல் பாதை சேறாகிவிடும்; பறவை நடக்காது. பாதையையும் கணக்கில் வைத்துத்தான் பண்ணையம் செய்தார்கள்.

இனி செக் நாட்டுக்கு வருவோம். அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இறைச்சி ஆகாது, மீன் ஆகும் என்பது பழைய விரத முறை. ஆனால் அந்த நாட்டுக்குக் கடல் கிடையாது. என்ன செய்தார்கள்? ஏரி வெட்டினார்கள்! த்ரெபோன் பகுதியில் 1590-ல் கட்டி முடித்த ரோஜம்பெர்க் ஏரி சுமார் 490 ஹெக்டேர், அதாவது 1,200 ஏக்கர். இன்றும் அதில் மீன் வளர்க்கிறார்கள். வளர்ப்பது சாதாக்கெண்டை, நம்ம குளங்களில் விடுகிற அதே ஜாதி. இதில் ஒரு ரகம் 1939-ல் இலங்கையிலிருந்து நம் நீலகிரிக்கும் வந்தது. குளிர் நீரிலே விற்பனை எடைக்கு வர அதற்கு மூன்று நான்கு வருஷம் ஆகும். இலையுதிர் காலத்தில் ஏரியை வடித்துப் பிடித்து, சேற்று வாடை போவதற்காகத் தெளிந்த நீரில் விட்டு வைத்து, பண்டிகைக்குச் சில நாள் முன்பு தெருவிலே தொட்டி வைத்து உயிரோடு விற்கிறார்கள். மூன்று வருஷப் பாடு, சில நாள் வியாபாரம்!

எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ஆம் தேதி. அதற்கு முன்பு 43 நாள் விரதம். இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடமாட்டார்கள். விரதம் முடிந்த அன்று கோழியும் அவித்த முட்டையும் போட்ட காரக் குழம்பு. கேழ்வரகை விடச் சிறிய டெஃப் என்ற தானியத்தை அரைத்து, புளிக்க வைத்துச் சுட்ட தோசை போன்ற பண்டம் அதற்குத் துணை. விரதம் இருக்கிற வீட்டில் 43 நாள் முட்டை விலைபோகாது. பிறகு ஒரே நாளில் எல்லாருக்கும் கோழி வேணும். புரட்டாசி மாதம் கோழி விலை எப்படி இறங்கும் என்று பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வழக்கம் எல்லாம் பழசாகத்தான் இருக்கணும் என்பதும் இல்லை. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். அங்கே 1974-ல் கென்டக்கி கோழி வறுவல் கம்பெனி, கிறிஸ்துமஸுக்குக் கோழி வறுவல் என்று நாடு முழுவதும் விளம்பரம் செய்தது. இன்றைக்குப் பல குடும்பங்கள் பல வாரம் முன்பே சொல்லி வைத்து வாங்குகிறார்கள்.

இதிலே நமக்கு என்ன பாடம்? பண்டிகைப் பிராணி வளர்க்கிறவர் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணணும். நம்ம பக்கமும் வான்கோழி வளர்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். வான்கோழி முட்டை பொரிக்க 28 நாள். பிறகு விற்பனை எடைக்கு வர ஐந்தாறு மாதம். டிசம்பர் 25-க்கு விற்கணும் என்றால், ஜூன் தொடக்கத்தில் முட்டையை அடை வைத்தாகணும். முதல் மாதம் குஞ்சுகளுக்குச் சூடும், தீவனம் எடுக்கப் பழக்குவதும் ரொம்ப அவசியம். இழப்பு பெரும்பாலும் அப்போதுதான். வாங்குகிறவர் யார் என்பதையும் முன்னாலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். பண்டிகை போன மறுநாள் பறவைக்குக் கிராக்கி குறையும். அது தின்கிற தீவனம் மட்டும் குறையாது.

பக்ரீத் ஆடானாலும் பொங்கல் கரும்பானாலும் இதே கணக்குத்தான். காலண்டரை எடுத்து இன்றைக்கே எண்ணிப் பாருங்க.