மளிகை நோட்டும் இருபதாம் தேதியும்

மாதம் பிறந்தவுடன் நம் வீடுகளில் கூடும் மந்திரிசபைக் கூட்டத்தை நேயர்கள் நன்கு அறிவார்கள். சமையலறை வாசற்படிதான் சபா மண்டபம். குடும்பத் தலைவி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டில் ஒருவர் எழுதிக்கொண்டே போவார். துவரம் பருப்பு 2 கிலோ, உளுத்தம் பருப்பு ஒன்றரை, கடுகு 200 கிராம், பெருங்காயம் ஒரு டப்பா என்று ஜாபிதா நீளும். மொத்தம் போட்டுப் பார்த்ததும் சற்று நேரம் மௌனம் நிலவும். பிறகு முந்திரிப் பருப்பின் தலையில் கை வைப்பார்கள். ஒரு வழியாக எல்லாம் 6,000 ரூபாய்க்குள் அடங்கும், சபை கலையும்.

இவ்வளவு பொறுப்புடன் தயாரான திட்டம் இருபதாம் தேதி வாக்கில் எப்படித்தான் கவிழ்ந்து போகிறது? இந்த மர்மத்தைக் கண்டுபிடிப்பதென்று தீர்மானித்து, நம் சொந்த வீட்டிலேயே மூன்று மாத காலம் துப்பறிந்தோம்.

செய்த காரியம் பெரிதல்ல. ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கினாலும் அன்றிரவு படுப்பதற்கு முன் நோட்டில் எழுதிவிடுவது, அவ்வளவுதான். காந்திஜி லண்டனில் படித்த நாட்களில் பஸ் சத்தம், தபால் செலவு உள்பட ஒவ்வொரு காசையும் எழுதி, இரவில் இருப்பைச் சரிபார்த்த பின்னரே படுக்கப் போனாராம். பின்னாளில் லட்சக்கணக்கான பொதுப் பணத்தைச் சிக்கனமாக நிர்வகிக்க இந்தப் பழக்கமே உதவியது என்று சத்திய சோதனையில் சொல்லியிருக்கிறார். நமக்கோ நாலாம் நாளே 180 ரூபாய் உதைத்தது. வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்துடன் பார்த்துக்கொண்டோம். விசாரணையின் முடிவில், அது ஆபீஸிலிருந்து வரும் வழியில் நாமே வாங்கித் தின்ற மிக்சர் என்று தெரிய வந்தது.

முதல் மாத முடிவில் நோட்டு உண்மையைச் சொல்லிவிட்டது. ஜாபிதா போட்டு வாங்கின சாமான்களில் குற்றமே இல்லை. 6,000 ரூபாய்க்கு ஐம்பது ரூபாய் குறைவாகவே ஆகியிருந்தது. ஜாபிதாவில் இல்லாமல், இடையிடையே "சும்மா" வாங்கினவை மட்டும் 2,300 ரூபாய்! பிஸ்கோத்து, சிப்ஸ், திடீர் சேமியா, விருந்தாளி வந்தார் என்று குளிர்பானம், விருந்தாளி வராவிட்டாலும் குளிர்பானம்.

இது நம் வீட்டு அபூர்வம் அல்ல. மத்திய அரசு 2022-23-ல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கின்படி, நகரவாசிகள் செய்யும் மொத்தச் செலவில் அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கு நூற்றுக்கு நாலு ரூபாய்கூட ஆகவில்லை. பானங்கள், பொட்டலத் தின்பண்டங்கள், வெளியில் வாங்கிச் சாப்பிடும் ஆகாரம் ஆகியவற்றுக்கோ நூற்றுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கிறது. நாமெல்லோரும் அரிசி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே மிக்சருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பாட்டிமார் காலத்தில் வருஷச் சாமான் என்று ஒன்று இருந்தது. மாசி, பங்குனியில் புளி வந்து இறங்கும். கொட்டை எடுத்து, கல்லுப்புக் கலந்து ஜாடியில் அடைப்பார்கள். மிளகாய் வற்றல், மல்லி, துவரை எல்லாம் வெயிலில் காய்ந்து பானைகளில் குடியேறிவிடும். மாதச் சம்பளம் வந்த பிறகு, வருஷத்துக்கு ஒரு முறை வாங்கினதை மாதத்துக்கு ஒரு முறை வாங்கலானோம். மாதம் வாரமாயிற்று. இப்போது பெரிய பட்டணங்களில் செல்போனில் விரலை வைத்தால் போதும்; பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து கறிவேப்பிலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதற்குள் திரையில் ஒரு வரி தோன்றியிருக்கும்: இன்னும் 60 ரூபாய்க்கு வாங்கினால் கொண்டு வரும் கூலி கிடையாது! 25 ரூபாய்க் கூலியை மிச்சம் பிடிப்பதற்காக 60 ரூபாய்க்குச் சாக்லெட் வாங்குகிறோம். காய்கறிக்காரம்மாள் கொசுறாகப் போடும் கறிவேப்பிலை இவ்விதமாக 60 ரூபாய்க்கு மேல் ஆகிறது.

பொட்டலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐந்து ரூபாய் பிஸ்கோத்து வருஷக்கணக்காக ஐந்து ரூபாயாகவே இருப்பதைக் கண்டு கம்பெனிகளின் தர்ம குணத்தை வியக்க வேண்டியதில்லை. விலை அப்படியே நிற்க, உள்ளே இருக்கும் சரக்குத்தான் இளைத்து வருகிறது. முன்பு பல சாமான்களை இன்னின்ன எடையில்தான் பொட்டலம் போடலாம் என்று விதி இருந்தது. 2021-ல் விதிகளைத் திருத்தி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்றார்கள். எழுத்துப் பொடியாக இருந்தாலும் அது அங்கே இருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்து வாங்கியதில், பெரிய பொட்டலம் எப்போதுமே மலிவு என்ற நம் நெடுநாளைய நம்பிக்கை இரண்டு தடவை பொய்த்தது.

எண்ணெய் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சாதாரணமாகச் சுமார் 910 கிராம் இருக்கும். சூடேற்றினால் எண்ணெய் விரியும், எடை கூடாது. ஆகவே 60 டிகிரி உஷ்ணத்தில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டால் உள்ளே சில கிராம் குறைத்து ஊற்றலாம் அல்லவா? சிலர் அப்படியே செய்து வந்ததால், உஷ்ணநிலையைக் குறிப்பிடாமல் அளவை அச்சிட வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு சொல்லிற்று. லிட்டர் பாக்கெட் போலவே தோற்றமளிக்கும் 850 கிராம் பாக்கெட்டும் கடையில் உண்டு. எடையைப் பார்க்காமல் எண்ணெய் வாங்கக் கூடாது.

நம் கையில் இல்லாத காரணங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். 2022-ல் உக்ரேனில் யுத்தம் மூண்டதும் இங்கே சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிற்று. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அம்மாதிரி சமயங்களில் புளி ரசமே சரணம். ரேஷன் கடை என்றதும் நினைவுக்கு வருகிறது: கார்டுக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கக் கௌரவம் இடம் தராதவர்கள், அந்தக் கௌரவத்தின் விலையையும் நோட்டில் ஒரு வரியாக எழுதிப் பார்க்கலாம்.

இரண்டாம் மாதம் இடைச் செலவுக்கென்று 1,200 ரூபாயை எண்ணி ஒரு பழைய காப்பித்தூள் டப்பாவில் போட்டோம். வாரத்துக்கு 300, தீர்ந்தால் அந்த வாரம் அவ்வளவுதான். அன்றியும், ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரிக்கும் தேதியை டப்பாவின் மேல் எழுதி ஒட்டினோம். உளுந்து எத்தனை நாள் வருகிறது என்பது இருபது வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக நமக்குத் தெரிந்தது. அந்த மாதம் 400 ரூபாய்தான் மிஞ்சிப் போயிற்று.

மூன்றாம் மாதம் கணக்கு அப்பழுக்கின்றி ஒத்தது. டப்பாவில் 85 ரூபாய் மிச்சம்கூட இருந்தது. அந்த இரவு நாம் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து மகிழ்ந்தோம். அப்படிப் புரட்டியபோதுதான், மளிகைக்கு எதிர்ப்பக்கத்தில் தனியாக எழுதி வந்த பால், காய்கறிக் கணக்குக் கண்ணில் பட்டது. பதினெட்டாம் தேதி வரையில் தினம் மூன்று அரை லிட்டர் பாக்கெட், பிறகு இரண்டு. காய்கறிச் செலவும் பாதிக்குமேல் குறைந்திருந்தது.

"இது என்ன?" என்று கேட்டோம்.

"டப்பாவில் பணம் தீர்ந்துவிட்டது. என் இரண்டாவது காப்பியையும் மோரையும் நிறுத்தினேன்; ஒரு பாக்கெட் மிச்சம். அதனால் என்ன வந்துவிட்டது?" என்றாள் நம் எஜமானியம்மாள்.

"அம்மா பத்து நாளாகக் காயே போட்டுக்கொள்வதில்லை, அப்பா. நம் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறாள்" என்றாள் பெண்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 வயது முதல் 49 வயது வரையுள்ள ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கு ரத்தசோகை இருந்தது. பெண்களில் 57 பேருக்கு. இதற்கு வைத்தியர்கள் பல காரணங்கள் சொல்லுகிறார்கள். ஆயினும் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவரின் இலையில் மிஞ்சுவது எதுவோ, அதுவும் அந்தக் காரணங்களில் ஒன்று. நாம் பெருமையுடன் கோடு போட்டு மொத்தம் எழுதிய நோட்டில் அதற்கு ஒரு பத்தி இல்லை.

நாலாம் மாத ஜாபிதாவைப் பெண்ணே எழுதினாள். முதல் வரி பால். அடுத்தது கீரை, காய்கறி. அவை எழுதி முடிந்த பிறகே பருப்பும் எண்ணெயும் வந்தன. மிக்சர் கடைசி வரிக்குப் போய், மாதத்துக்கு 100 ரூபாய் என்று நின்றது. இதை ஆக்ஷேபிக்க நமக்கு யோக்கியதை இல்லாததால் பேசாமல் இருந்தோம். இரவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதென்றும் ஏற்பாடு.

நேற்று இருபதாம் தேதி. டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தோம். 140 ரூபாய் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு எஜமானியம்மாள் தன் இரண்டாவது காப்பியைக் கலந்துகொண்டிருந்தாள்.