வேலி பாயும் குதிரைகள்: வருங்காலத்தை எவ்வாறு கணிக்கின்றனர்?

ஐப்பசி பிறந்து குளிர் தலைகாட்டத் தொடங்கியதும் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் உள்ள குதிரைப் பந்தயப் பிரியர்கள் ஒரு பட்டியலை ஆவலுடன் எதிர்பார்ப்பர். ‘இந்தப் பருவத்திலே கண்வைக்க வேண்டிய குதிரைகள்’ என்று பத்திரிகைகளும் சிறு நூல்களும் பத்து, இருபது, ஐம்பது பெயர்களை வெளியிடும். அவற்றுட் பெரும்பாலானவை பொதுமக்கள் கேள்விப்பட்டிராத பெயர்கள். பெரிய கிண்ணம் எதனையும் வென்றிராத இளங் குதிரைகளின் பெயர்கள். சில குதிரைகள் ஒரேயொரு முறை மட்டுமே ஓடியிருக்கும். அவற்றின்மேல் இத்துணை நம்பிக்கை வைப்பதற்கு ஆதாரம் யாது? ஒரு பிராணியின் நாளைய பெருமையை இன்றே கண்டறிதல் கூடுமா?

குதிரைப் பந்தயம் என்றதும் நம் நாட்டு வாசகர்களுக்கு நினைவு வருவது நுவரெலியாவிலே சித்திரைக் காலத்தில் நடைபெறும் ஓட்டமாகும். அது சமதரை ஓட்டம். நாம் இங்கே கூறப் புகுவது அதுவன்று. வேலிகளையும் தடைகளையும் பாய்ந்து ஓடும் ஓட்டம். அதன் பிறப்பிடம் அயர்லாந்து. 1752 ஆம் ஆண்டிலே கோர்க் மாவட்டத்தைச் சேர்ந்த ஓகலகன், பிளேக் என்னும் இருவர் தம்முட் பந்தயங் கட்டி, பட்டிவன்ற் என்ற ஊரின் தேவாலயக் கோபுரத்திலிருந்து டொனெறெயில் என்ற ஊரின் கோபுரம் வரை நாலரை மைல் தூரத்தை, இடைப்பட்ட மதில், வேலி, வாய்க்கால் யாவற்றையுங் குதிரைமேற் பாய்ந்து கடந்தனர் என்பது வரலாறு. கோபுரத்தைக் குறியாகக் கொண்டு விரைந்தமையால் ‘ஸ்ரீப்பிள் சேஸ்’ என்ற பெயர் நிலைத்தது. இன்று இவ்வோட்டங்கள் இருவகைப்படும். மூன்றரை அடி உயரமுள்ள, முட்டினால் சாயக்கூடிய தட்டிகளைத் தாண்டுவது ஹேடில் ஓட்டம். நாலரை அடிக்குக் குறையாத உறுதியான வேலிகளைத் தாண்டுவது சேஸ் ஓட்டம். பங்குனியிலே செல்ட்டனம் என்னுமிடத்தில் நடைபெறும் தங்கக் கிண்ண ஓட்டமும், சித்திரையிலே எயின்றீயில் முப்பது பாய்ச்சல்களுடன் நாலேகால் மைலுக்கு மேல் நீளும் கிறாண்ட் நாஷனலும் இத்துறையின் இரு சிகரங்கள்.

சமதரைக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்கி, மூன்று வயதிற் புகழடைந்து, உடனே இனவிருத்திக்கு அனுப்பப்பட்டுவிடும். அதன் விலை அதன் சந்ததியிலே தங்கியுள்ளது. பாய்ச்சற் குதிரையின் கதை வேறு. அவற்றுட் பெரும்பாலானவை இளமையிலேயே விதையடிக்கப்பட்டவை. நான்கு ஐந்து வயதிலே களம் புகுந்து, எட்டு ஒன்பது வயதில் முழு வலிமை பெற்று, பத்து வயதுக்கு மேலும் ஓடுவன பல. ஆகவே அவற்றின் மதிப்பு முழுவதும் அவை ஓடும் ஓட்டத்திலேயே உள்ளது. ஆண்டுதோறும் அதே முகங்களைக் காணும் மக்கள் அவற்றைத் தம் வீட்டுப் பிள்ளைகள் போலப் பாராட்டுவதும், அவை விழுந்தால் கண்ணீர் விடுவதும் இதனாலேயே.

இனிக் கணிப்பு முறைக்கு வருவோம். இளங் குதிரை பெரும்பாலும் அயர்லாந்தின் கிராமப்புறத்து வயல்வெளி ஓட்டங்களிலோ, தடையில்லாத ‘பம்பர்’ என்னும் பயிற்சி ஓட்டங்களிலோ முதலிற் காணப்படும். அடுத்து ஹேடில், அதன்பின் சேஸ். ஒவ்வொரு படியிலும் புதுமுகங்களுக்கென்று தனி ஓட்டங்கள் உண்டு. பட்டியல் தயாரிப்போர் கூர்ந்து நோக்குவது இப்புதுமுக ஓட்டங்களையே.

அனுபவமற்றவன் வெற்றியைப் பார்ப்பான். அனுபவமுள்ளவன் வென்ற விதத்தைப் பார்ப்பான். இருபது குதிரை நீளம் முந்தி வந்தது என்பது கேட்பதற்கு நன்று. ஆனால் பின்னால் வந்தவை யாவை? அவை அடுத்த மாதம் ஓடியபோது என் செய்தன? தோற்றவை பின்னர் வெல்லத் தொடங்கினால், அவற்றைத் தோற்கடித்த குதிரையின் மதிப்பு தானாகவே உயர்கின்றது. நிலத்தின் தன்மையும் கவனிக்கற்பாலது. மழையிலே சேறாகிய தரையில் மலைபோல் நின்று வெல்லும் குதிரை, காய்ந்த தரையில் வேகம் போதாமல் நடுவில் மறைந்துவிடும். வேலியை நெருங்கும்போது குதிரை தானே காலடியை அளந்து குறுக்கிக்கொள்கின்றதா, அன்றிச் சவாரிக்காரர் கட்டளைக்குக் காத்துநிற்கின்றதா என்பதும், பாய்ந்து இறங்கிய மறுகணமே மீண்டும் வேகம் எடுக்கின்றதா என்பதும் முக்கியம். ஒவ்வொரு வேலியிலும் ஒரு கணம் இழக்கும் குதிரை, இருபது வேலி கடக்கும்போது இழப்பது எத்துணை! வலப்புறம் சாய்ந்து பாயும் வழக்கமுள்ள குதிரையை இடப்புறம் திரும்பும் மைதானத்துக்குக் கொண்டுசென்றால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் தூரத்தை வீணாக்கும். செல்ட்டனம் இடப்புறம் திரும்பும் மைதானம் என்பதை மறந்து புகழுரை எழுதுவோர் உளர்.

1948 இல் பில் புல் என்பவர் நிறுவிய டைம்ஃபோம் நிறுவனம் ஒவ்வொரு குதிரைக்கும் இறாத்தற் கணக்கில் ஒரு மதிப்பெண் வழங்குகின்றது. அம்மதிப்பெண்ணின் அருகே சிலவேளை ‘பி’ என்ற சிறிய ஆங்கில எழுத்தொன்று காணப்படும். ‘இக்குதிரை இன்னும் முன்னேறும்’ என்பது அதன் பொருள். அவ்வெழுத்துப் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தால் ‘மிகவும் முன்னேறும்’ என்று கொள்ளவேண்டும். எமது கல்லூரித் தேர்ச்சி அறிக்கைகளிலே புள்ளிக்குப் பக்கத்தில் இப்படி ஓர் எழுத்தைப் பொறிக்க இடமிருந்தால் எத்தனை மாணவர் பயன்பெறுவர் என்று நாம் எண்ணியதுண்டு. எண்பது புள்ளி பெற்றவன் தன் எல்லையைத் தொட்டிருக்கலாம். ஐம்பத்தைந்து பெற்றவன் இப்போதுதான் விழித்திருக்கலாம்.

டைம்ஃபோம் பாய்ச்சற் குதிரைகளுக்கு அளித்த மதிப்பெண்களுள் மிக உயர்ந்தது 212. அதனைப் பெற்ற ஆர்க்கிளின் கதையை ஆராய்ந்தால் இக்கணிப்புக் கலையின் சிறப்பும் சிக்கலும் ஒருங்கே விளங்கும். 1957 இல் அயர்லாந்திற் பிறந்த ஆர்க்கிளின் தந்தை ஆர்க்கைவ், உயர்ந்த வமிசத்திற் பிறந்தும் ஓர் ஓட்டத்தையேனும் வெல்லாத குதிரை. 1960 இல் டப்ளின் ஏலத்திலே வெஸ்ற்மின்ஸ்ரர் கோமகள் 1,150 கினி கொடுத்து ஆர்க்கிளை வாங்கி, டொம் டிறீப்பர் என்ற பயிற்சியாளரிடம் ஒப்படைத்தார். முதலிரு பம்பர் ஓட்டங்களில் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்தது. 1962 தை மாதத்தில் நவன் என்ற ஊரிலே முதன்முறை தடை தாண்ட வந்தபோது, டிறீப்பரின் லாயத்திலிருந்து கெர்ஃபோறோ என்ற பெட்டைக் குதிரையும் ஓடியது. லாயத்தின் தலைமைச் சவாரிக்காரர் பட் டாஃபே ஏறியது கெர்ஃபோறோவிலேயே. ஆர்க்கிளின் விலை ஒன்றுக்கு இருபது. வென்றது ஆர்க்கிள்! தினந்தோறும் அதற்குத் தீனி வைத்து, அதன் முதுகிலே சேணம் பூட்டியவர்களே அதன் உள்ளே இருந்ததை அறியவில்லை.

அதே ஆண்டிற் பிறந்த மில் ஹவுஸ் என்னும் குதிரையை இங்கிலாந்து மக்கள் ‘பெரிய குதிரை’ என்றே அழைத்தனர். பருத்த உடல், அகன்ற மார்பு, வேலியைத் துச்சமாக மதிக்கும் பாய்ச்சல். ஆறு வயதிலேயே, 1963 இல், தங்கக் கிண்ணத்தை வென்றுவிட்டது. அவ்வாண்டு கார்த்திகையில் நியூபரி மைதானத்திலே இரண்டும் முதன்முறை சந்தித்தன. மில் ஹவுஸ் ஐந்து இறாத்தல் கூடுதலாகச் சுமந்தும் வென்றது, ஆர்க்கிள் மூன்றாவது. வழக்கு முடிந்தது, தீர்ப்பும் வழங்கப்பட்டது என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் முடிவுக்கு மூன்று வேலி இருக்கையில் ஆர்க்கிள் இறங்கிய இடத்திற் கால் வழுக்கியதைப் பட் டாஃபே உணர்ந்திருந்தார். வழுக்கும் கணம் வரை அது எவ்வளவு இலகுவாக நெருங்கி வந்துகொண்டிருந்தது என்பதை நோக்கியவர்களுக்கு, வந்த இடம் மூன்றாவது என்பது பொருட்டாகத் தோன்றவில்லை. 1964 பங்குனியில் தங்கக் கிண்ண ஓட்டத்திலே சம நிறையுடன் சந்தித்தபோது ஆர்க்கிள் ஐந்து குதிரை நீளத்தால் வென்றது. 1965, 1966 ஆம் ஆண்டுகளிலும் கிண்ணம் அதற்கே. பலங் குறைந்த குதிரைகளுக்கும் வாய்ப்பளிக்கும் பொருட்டு, பலமிக்க குதிரைமேல் கூடிய நிறை ஏற்றுவது ஒருவகை ஓட்டத்தின் வழக்கம். அயர்லாந்திலோ, ஆர்க்கிள் ஓடினால் ஒரு நிறைப்பட்டியல், ஓடாவிடின் மற்றொன்று என்று இரண்டு தயாரிக்க வேண்டியதாயிற்று.

மில் ஹவுஸின்மேல் நம்பிக்கை வைத்தவர்கள் பிழையாகக் கணித்தவர்கள் என்று நாம் கூறமாட்டோம். அது உண்மையிலேயே சிறந்த குதிரை. வேறெந்த ஆண்டிற் பிறந்திருந்தாலும் மூன்று நான்கு கிண்ணங்களை வென்றிருக்கும். குதிரையைக் கணித்தல் வேறு, அது பிறந்த காலத்தைக் கணித்தல் வேறு.

வமிசத்தை நம்புவோரும் உடற்கட்டை நம்புவோரும் விடையிறுக்க வேண்டிய வினாக்கள் சில உள. றெட் றம் சமதரையிலே வேகமாக ஓடுவதற்கென வளர்க்கப்பட்ட குதிரை. 1967 இல் அதன் முதல் ஓட்டம் எயின்றீயிலேயே நடைபெற்றது. தூரம் ஐந்து ஃபர்லாங், அதாவது முக்கால் மைலுக்குங் குறைவு. அதிலே சமநிலையில் முதலிடம் பெற்றது. பின்னர் குளம்பின் எலும்பிலே நோய் கண்டது. அத்தகைய குதிரையை 1972 இல் 6,000 கினிக்கு வாங்கிய ஜிஞ்சர் மக்கெயின், சவுத்போட் கடற்கரை மணலிலும் உப்புநீரிலும் ஓடவிட்டுப் பழக்கினார். 1973, 1974, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளில் கிறாண்ட் நாஷனலை வென்று, இடைப்பட்ட ஈராண்டும் இரண்டாவதாக வந்தது. இதற்கு முன்னும் பின்னும் வேறெக் குதிரையும் அவ்வோட்டத்தை மும்முறை வென்றதில்லை. வெண்சாம்பல் நிறத்து டெசேட் ஓர்க்கிட் 1983 தை மாதத்தில் தன் முதல் ஹேடில் ஓட்டத்திலே கடைசித் தடையில் விழுந்து நெடுநேரம் எழாமற் கிடந்தது. 1986 இல் கெம்ப்ரனில் மூன்று மைல் ஓட்டத்துக்கு வந்தபோது, அதன் வழக்கமான சவாரிக்காரரே அதனை விட்டு லாயத்தின் மற்றொரு குதிரையைத் தெரிந்தெடுத்தார். டெசேட் ஓர்க்கிட் அன்று வென்றது. அதே ஓட்டத்தை மேலும் மூன்று முறை வென்றது. 1989 இல் தங்கக் கிண்ணமும் பெற்றது.

இவற்றிலெல்லாம் மேலான ஓர் இடையூறு உண்டு. அது உடல். ஆர்க்கிளின் லாயத்திலேயே அதனினும் இரண்டு வயது இளைய ஃபிளையிங்போல்ற் என்ற குதிரை வளர்ந்தது. டைம்ஃபோம் அதற்கு அளித்த மதிப்பெண் 210. 1966 இல் செல்ட்டனத்தில் இரண்டு மைல் சேஸ் ஓட்டத்தை வென்று, மறுநாளே சிறந்த ஹேடில் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்து, அடுத்த சில வாரங்களில் 175 இறாத்தல் சுமந்து அயர்லாந்தின் கிறாண்ட் நாஷனலையும் வென்றது. அப்போது அதற்கு ஏழு வயது. ஆர்க்கிளுக்குப் பின் இதுவே என்று யாவரும் எண்ணியிருக்க, மாடுகளிடையே பரவும் புரூசெல்லோசிஸ் நோய் அதனைப் பற்றியது. பழைய வலிமை திரும்பவேயில்லை. ஆர்க்கிளும் அதே ஆண்டு மார்கழியில் கெம்ப்ரனிலே குளம்பெலும்பு முறிந்த நிலையிலும் ஓடி இரண்டாவதாக வந்தது, பின்னர் ஓடவில்லை. ஹேடில் சிகரத்தை 1984 இலும் தங்கக் கிண்ணத்தை 1986 இலும் வென்ற டோன் றன் என்ற வீரப் பெட்டை, கிண்ணம் வென்ற மூன்றாம் மாதம் பாரிஸ் மைதானத்தில் விழுந்து உயிர்விட்டது. கிறாண்ட் நாஷனலில் ஓடும் குதிரைகளின் தொகையை 2024 முதல் நாற்பதிலிருந்து முப்பத்துநான்காகக் குறைத்தமை இத்தகைய இழப்புகளைத் தணிப்பதற்காகவே. மெய்யாகவே போதுமோ என்று கேட்போர் இன்னும் இருக்கின்றனர், கேட்கத்தான் வேண்டும்.

ஆகவேதான் நல்ல பயிற்சியாளர் அவசரப்படுவதில்லை. முன்காலின் தசைநாணிலே சிறு வீக்கங் கண்டால் ஓராண்டு முழுவதும் ஓய்வு கொடுப்பர். 1999 இல் ஹென்றியெற்றா நைற் என்ற பெண்மணி அயர்லாந்தின் ரூவம் என்ற ஊரிலே சேற்று ஓட்டமொன்றிற் கண்ட இளங் குதிரை, ஓட்டத்தை முடிக்காமல் நடுவிலே நிறுத்தப்பட்டது. அவரோ அதன் நடையிலும் தோற்றத்திலும் மனம் பறிகொடுத்தார். அதுவே பெஸ்ற் மேற். ஓர் ஆண்டில் மிகச் சில ஓட்டங்களிலேயே அதனை இறக்கி, 2002 முதல் 2004 வரை மூன்று தங்கக் கிண்ணங்களை அவர் பெற்றார். அடிக்கடி ஓடவில்லை என்று குறைகூறியவர்கள் அப்போது பலர். அவர்கள் குதிரை வளர்த்தவர்களல்லர்.

பட்டியலிலுள்ள பெயர்களிற் பணங் கட்டி வாழலாம் என்று நினைப்போருக்கு ஒரு சொல். புகழப்பட்ட குதிரையின் விலை, புகழப்பட்ட மறுநாளே குறைந்துவிடும். பத்தில் நான்கு வென்றாலும் கட்டிய பணம் திரும்புவது அரிது. பட்டியல், எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லும் வழிகாட்டி, அவ்வளவே. 1990 இல் தங்கக் கிண்ணத்தை வென்ற நோட்டன்ஸ் கொயின் என்ற குதிரையின் விலை ஒன்றுக்கு நூறு. டெசேட் ஓர்க்கிட் அன்று மூன்றாவது. நோட்டன்ஸ் கொயினின் உரிமையாளரும் பயிற்சியாளரும் ஒருவரே: வேல்ஸ் நாட்டுப் பாற்பண்ணைக்காரர். அவர் அன்று காலையும் தம் பசுக்களைக் கறந்துவிட்டே செல்ட்டனம் வந்திருந்தார்.