மழை எத்தனை மணிக்கு வந்தது?

தாசேக் கெலுகோரில் ஏப்ரல் மாதத்து வாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வெயில் மண்டையைப் பிளக்கிறது. செவ்வாய் மாலை நான்கு மணிக்குத் திடலில் பந்து உருளத் தொடங்கியதும் இடி இடிக்கிறது. புதன்கிழமை கெப்பாலா பத்தாஸ் பக்கம் வானம் மை பூசியதுபோல் கறுக்கிறது. இங்கே ஒரு சொட்டுகூட இல்லை. வியாழன் விடியற்காலை ஐந்து மணிக்குக் காற்று தகரக் கூரையை உலுக்கி எல்லாரையும் எழுப்பிவிடுகிறது. வெள்ளிக்கிழமை நாள் முழுதும் மந்தாரம். சனிக்கிழமை பார்த்தால் மறுபடியும் திங்கட்கிழமையின் வெயில்.

இது குறிப்பிட்ட ஓர் ஆண்டின் வாரம் அல்ல. மூடா ஆற்றுச் சமவெளியில் பருவக்காற்று மாறும் காலத்தில் பல வாரங்கள் ஏறக்குறைய இப்படித்தான் போகும். "வானிலைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். உண்மையில் இந்தக் குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைப் பிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: மழை எத்தனை மணிக்கு வந்தது?

தமிழ்க் கதைகளில் வரும் கோடையும் குளிரும் நமக்குக் கிடையாது. இங்கே ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரியில் இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தாலே அதிகம். ஆனால் ஒரே நாளில், விடியற்காலை 24 டிகிரியாக இருந்தது பிற்பகலில் 33 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. அதாவது, நம் ஊரில் மாதத்தைவிட மணிக்குத்தான் பலம் அதிகம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றும், மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் ஓரளவு ஒரே திசையில் வீசும். இரண்டுக்கும் இடையில், ஏப்ரலிலும் அக்டோபரிலும், பெரிய காற்றுகள் ஓய்ந்துவிடுகின்றன. பெரியவர்கள் வீட்டில் இல்லாதபோது பிள்ளைகள் ஆடுவதுபோல, அப்போது உள்ளூர்க் காற்றுகள் தங்கள் ஆட்டத்தைத் தொடங்கிவிடுகின்றன.

முதலில் பிற்பகல் மழை. இதன் கதை சூரியனில் தொடங்குகிறது. தாசேக் கெலுகோர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தரை டிகிரியில் இருக்கிறது. ஆகவே ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 4-ஐ ஒட்டியும் செப்டம்பர் 8-ஐ ஒட்டியும், சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. அன்று திடலில் ஒரு குச்சியை நேராக நட்டுவைத்தால், ஒரு கட்டத்தில் அதன் நிழல் அடியோடு மறைந்துவிடும். நண்பகல் 12 மணிக்கு என்று நினைத்துக் காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். நிழல் மறைவது 1 மணி 20 நிமிடத்தை ஒட்டித்தான். காரணம், நம் கடிகாரம் 120 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாமோ நூறரை டிகிரியில் இருக்கிறோம். தீபகற்ப மலேசியா 1982-ஆம் ஆண்டு பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. சூரியனுக்கு அந்த ஆணை பொருந்தாது அல்லவா? ஆகையால்தான் நம் ஊரில் வெயிலின் உச்சம் மூன்று மணியை ஒட்டியும், இடி நான்கு மணிக்கு மேலும் வருகின்றன.

நான்காம் படிவ இயற்பியலில் தன்வெப்பக் கொள்ளளவு படித்திருப்பீர்கள். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4,200 ஜூல் தேவை. காய்ந்த மண்ணுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். காலை பத்து மணிக்குள் வயல் வரப்பும் தார்ச்சாலையும் கொதிக்கத் தொடங்கிவிடும். பினாங்கு நீரிணையின் நீர் அசையாமல் ஏறக்குறைய 29, 30 டிகிரியிலேயே கிடக்கும். நிலத்தின் மேல் சூடான காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே நுழைகிறது. பெனாகாவிலிருந்து தாசேக் கெலுகோர் வரை நிலம் தட்டையாக இருப்பதால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஈரத்தைச் சுமந்துகொண்டு கிழக்கே நகர்ந்து, கூலிம் பக்கத்துக் குன்றுகளில் மோதி மேலே ஏறுகிறது. வடக்கே 1,217 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஜெராய் மலையும் தன் பங்குக்குக் காற்றை மேலே தூக்கிவிடுகிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில்கூட அதன் உச்சியில் மட்டும் ஒரு மேகத் தொப்பி உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

மேலே போன காற்று குளிர்கிறது; அதிலுள்ள நீராவி துளிகளாக மாறுகிறது. இந்த இடத்தில் சற்று நிற்போம், ஏனென்றால் இடியின் பலம் முழுதும் இங்கேதான் பிறக்கிறது. நீர் ஆவியாகும்போது வாங்கிக்கொண்ட உள்ளுறை வெப்பத்தை, மீண்டும் துளியாகும்போது திருப்பிக் கொடுக்கிறது. ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 24 லட்சத்து 50 ஆயிரம் ஜூல். உங்கள் பள்ளித் திடலின் பரப்பு 7,000 சதுர மீட்டர், ஒரு மாலையில் பெய்தது 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆக, அந்தத் திடலில் மட்டும் 2 லட்சத்து 10 ஆயிரம் லிட்டர். அந்த நீர் மேகத்தில் துளியாகும்போது வெளிவந்த வெப்பம் 1 லட்சத்து 40 ஆயிரம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மாதம் 400 யூனிட் செலவழிக்கும் முப்பது வீடுகள் ஓராண்டுக்குப் பயன்படுத்துவது அவ்வளவுதான். ஒரு திடலுக்கே இவ்வளவு என்றால் ஒரு மேகத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அந்த வெப்பம் காற்றை மேலும் இலேசாக்க, மேகம் கோபுரம்போல் எழுகிறது. நம் பகுதியின் பெரிய இடிமேகங்கள் 15 கிலோமீட்டருக்கு மேலேயும் போகும். அங்கே துளிகள் எல்லாம் பனிக்கட்டி. பனித் துகள்கள் ஒன்றோடொன்று உரசி மோதுவதால்தான் மின்னூட்டம் பிரிந்து மின்னலாகிறது. 33 டிகிரி வெயிலில் வியர்த்துக்கொண்டு நிற்கும் நம் தலைக்கு மேலே ஒரு பனிக்கட்டித் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்படியானால் புதன்கிழமை கெப்பாலா பத்தாஸ் பக்கம் கறுத்த வானம் ஏன் இங்கே பெய்யவில்லை? ஓர் இடிமேகத்தின் அகலம் பெரும்பாலும் சில கிலோமீட்டர்தான். ஆயுளும் ஒரு மணி நேரம்போல. எந்த வயலுக்கு மேலே எந்தக் குமிழி முதலில் எழும் என்பதை யாராலும் காலையிலேயே சொல்ல முடியாது. கொதிக்கும் பானையில் அடுத்த குமிழி எங்கே கிளம்பும் என்று கேட்பதுபோல. வானிலைத் துறையின் முன்னறிவிப்பில் "ரிபுட் பெத்திர் டி சத்து துவா தெம்பாட்" என்று படிக்கிறோம். ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை. சிலர் இதை மழுப்பல் என்று கேலி செய்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அறிவியல் எந்த அளவுக்குத் துல்லியமாகச் சொல்ல முடியுமோ அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும் நேர்மையான வாக்கியம் அது. மேகம் உருவானபின் நிலைமை வேறு. பட்டர்வொர்த் ரேடார் மழைத் துளிகளை நேராகவே பார்க்கிறது. அந்தப் படம் 'மைச்சுவாக்கா' செயலியிலும் கிடைக்கும். அடுத்த அரை மணி நேரத்துக்கு அதைவிட நம்பகமான வழி இல்லை.

மழைக்கு முன்னால் சட்டென்று ஒரு குளிர்காற்று வீசுமே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? மேகத்திலிருந்து மழையோடு சேர்ந்து கீழே இறங்கிய காற்று தரையில் மோதி நாலாபக்கமும் பரவுகிறது. சில நிமிடங்களில் ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும். அது இதமாக இருக்கிறது என்று திடலில் நின்று அனுபவிப்பவர்கள் உண்டு. அந்தக் காற்று வந்துவிட்டது என்றால் மேகம் மிக அருகில் வந்துவிட்டது என்று பொருள். மலேசியாவின் மேற்குக் கரையோரத்தில் சில இடங்களில் ஆண்டில் பாதி நாள் இடி கேட்கிறது. வயலிலும் திடலிலும் நிற்கும் மனிதனே சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆட்டம் அங்கேயே முடிந்தது. பள்ளிக் கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். மரத்தடியும், நான்கு பக்கமும் திறந்த குடிலும் பாதுகாப்பு அல்ல. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். பயிற்றுநர் கடிகாரத்தைப் பார்த்தாலும் சரி.

இனி வியாழக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. சூரியனே இல்லாத நேரத்தில் இந்த மழையை எழுப்பியது யார்? இரவில் நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்கிறது. காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. மலாக்கா நீரிணைக்கு இரண்டு கரைகள் உண்டு என்பதை மறக்கக்கூடாது. நம் பக்கத்து நிலக்காற்றும் சுமத்ரா பக்கத்து நிலக்காற்றும் நள்ளிரவுக்குப்பின் நடுக்கடலில் சந்திக்கின்றன. போக இடமில்லாமல் இரண்டும் மேலே எழ, கடலின் மேலேயே இடிமேகங்கள் வரிசைகட்டுகின்றன. மேற்கிலிருந்து காற்று தள்ளினால் அந்த வரிசை மொத்தமாக நம் கரைக்கு வந்து சேரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீச்சுக்காற்று அடிக்கும். சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் இதை 'சுமத்ரா' என்றே அழைக்கிறார்கள். அங்கேதான் இது அடிக்கடி வரும். நமக்குக் குறைவு, ஆனால் வராமல் இருப்பதில்லை.

மழையின் அளவைவிட அதன் நேரம் முக்கியம் என்பதை நம் தோட்டத்துப் பாட்டிமார்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் அதிகம். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழந்து, அழுத்தம் குறைந்து, பால் வடிவதும் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டோடு இருட்டாக நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போனார்கள். மாலை நான்கு மணி மழை அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. காலை ஐந்து மணி மழை என்றால் பட்டை நனைந்து, பால் கோட்டைவிட்டு வழிந்து, மங்கில் சேர்ந்தது தண்ணீராகி, அன்றையச் சம்பளம் போயிற்று. மலாக்கோப் தோட்டம் போன்ற இடங்களில் வேலை பார்த்த தாத்தா பாட்டி யாரேனும் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நெல்லுக்கும் நேரக்கணக்கு உண்டு. நெற்பூ பெரும்பாலும் காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகலுக்குள் மலர்ந்து மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் பலத்த மழை அடித்தால் மகரந்தம் சேராமல் பதர் கூடும். அதே அளவு மழை மாலையில் பெய்தால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது வகை, மணியே இல்லாத மழை. காலை, மாலை, இரவு என்று பாராமல் பெய்துகொண்டே இருந்தால் அது உள்ளூர்ச் சரக்கு அல்ல, தொலைவிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். சில நேரம் அது வெறும் மந்தாரம். சில நேரம் அப்படி இல்லை. 2017 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிய மழை விடிய விடியப் பெய்தது. தாய்லாந்து வளைகுடா வழியாக மேற்கே நகர்ந்த ஒரு தாழ்வழுத்தம் பினாங்கின் மேல் ஈரக்காற்றைக் கொட்டிக்கொண்டே இருந்தது. தீவும் செபெராங் பிறையும் வெள்ளத்தில் மூழ்கின. ஏழு உயிர்கள் போயின. 2019 ஆகஸ்ட் 9-ஆம் தேதி பினாங்கிலும் கெடாவிலும் கூரைகள் பறந்தபோது, சீனக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த லெக்கிமா சூறாவளியோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று வானிலைத் துறை விளக்கியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் சுழலும் காற்று நம் ஊர்த் தகரத்தைப் பிய்க்க முடியும்.

எந்த மணிக்கும் மழை வராத நாள்கள் தொடர்ந்தால்? மேற்கரையின் வட பகுதியில் ஜனவரி, பிப்ரவரி இயல்பாகவே வறண்ட மாதங்கள். எல் நினோ ஆண்டுகளில் அந்த வறட்சி ஏப்ரல்வரை நீளும். நாட்டின் மிக உயர்ந்த வெப்பநிலையான 40.1 டிகிரி, பெர்லிசின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-இல் பதிவானது. 2016 ஏப்ரலில் வெப்ப அலையால் பெர்லிசிலும் பகாங்கிலும் 250-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. பினாங்கு மாநிலத்தின் குழாய்நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மூடா ஆற்றிலிருந்து, லஹார் தியாங்கில் இறைக்கப்படுகிறது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். நம் திடலில் பெய்யும் மாலை மழை காற்றைக் குளிரவைக்கும். நம் குழாயை நிரப்புவது அந்தக் காட்டில் பெய்யும் மழைதான். தாசேக் கெலுகோரில் சேறும் சகதியுமாக இருக்கும் அதே வாரத்தில் ஆற்றின் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கலாம். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் இணையத்தளத்தில் ஆற்றின் மட்டத்தையும் மழைமானிகளின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

நீங்களே ஒரு கணக்குத் தொடங்க விரும்பினால் பெரிய செலவில்லை. பக்கம் நேராக உள்ள ஒரு குடிநீர்ப் புட்டியின் கழுத்துப் பகுதியை வெட்டி, புனல்போல் தலைகீழாகச் செருகுங்கள். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும். அந்த மேடு மூழ்கும்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியே ஓர் அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். நோட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள்: எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மணி. இரண்டாவது பத்தியை விட்டுவிடாதீர்கள். ஏப்ரலிலும் மேயிலும் எழுதியதை அக்டோபரில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். மாலை நான்கிலிருந்து ஏழுக்குள் எத்தனை மழை, விடியலுக்கு முன் எத்தனை, மணியில்லா மழை எத்தனை என்று பிரித்தால், உங்கள் தெருவுக்கு மழையை அதிகம் அனுப்புவது குன்றா, நீரிணையா என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு நாளும் அளந்ததும் புட்டியைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு, சுழியம்வரை புதுநீர் ஊற்றுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், ஏழெட்டு நாளில் புதுக் கொசுக்கள் பறக்கத் தொடங்கிவிடும்.