மெல்ல மெல்ல மணக்கும் மசாலா குக்கீ

குக்கீ பட்டர் சேர்த்துச் சுட்ட நல்ல மசாலா குக்கீக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். நடுப்பகுதி மெத்தென்று, மெல்லும்போது லேசாக இழுத்துக் கொடுக்கும். விழுங்கிய பிறகும் பட்டையின் மணம் நாக்கில் நிற்கும். வீட்டில் சுடும்போது மணம் எளிதில் வந்துவிடுகிறது. நழுவிப்போவது அந்த மெல்லும் பதம்தான். சுட்ட பிறகும் குக்கீக்குள் எவ்வளவு ஈரம் தங்குகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு படியும் அந்த ஈரத்தைக் காப்பாற்றுவதற்காகவே இருக்கிறது. காரணம் புரிந்துவிட்டால், எந்த ஓவனிலும் இதைச் சரியாகச் சுடலாம்.

குக்கீ பட்டரில் என்ன இருக்கிறது?

பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் டிசம்பர் தொடக்கத்தில் வரும் புனித நிக்கோலஸ் திருநாளுக்காக, மரத்தில் செதுக்கிய அச்சுகளில் மாவை அழுத்தி மசாலா பிஸ்கட் சுடுவது பழைய வழக்கம். நெதர்லாந்துக்காரர்கள் இதை ஸ்பெகுலாஸ் என்றும் பெல்ஜியத்தார் ஸ்பெகுலூஸ் என்றும் சொல்கிறார்கள். பெல்ஜியத்தின் லெம்பெக்கே என்ற ஊரில் 1932-இல் தொடங்கிய லோட்டஸ் நிறுவனம் இந்த பிஸ்கட்டை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. பிஸ்காஃப் என்ற பெயரில் நம் கடைகளில் கிடைப்பது அதுதான். வெண்ணெய் தடவிய ரொட்டிக்கு நடுவே இந்த பிஸ்கட்டை வைத்துச் சாப்பிடும் பழக்கம் பெல்ஜியத்தில் உண்டு. பிஸ்கட்டையே ரொட்டியில் தடவும் விழுதாக அரைத்து, 2008-இல் லோட்டஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பரவியபோது இந்த வகை விழுதுக்குக் குக்கீ பட்டர் என்ற பெயர் நிலைத்தது.

பிஸ்காஃப் விழுதில் பாதிக்கு மேல் அரைத்த பிஸ்கட்தான். மீதி பெரும்பாலும் தாவர எண்ணெயும் சர்க்கரையும். பால் வெண்ணெய் கிடையாது. 100 கிராமில் சுமார் 38 கிராம் கொழுப்பும் 37 கிராம் சர்க்கரையும் இருக்கின்றன. தண்ணீர் அனேகமாக இல்லை. வெளியில் வைத்தாலும் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

வீட்டுக் குக்கீ கட்டியாவதற்கும் இதுவே காரணம். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அந்த வெண்ணெயை எடுத்துவிட்டு அதே எடைக்குக் குக்கீ பட்டரைப் போட்டால், கொழுப்பும் குறைகிறது, தண்ணீரும் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, விழுதிலுள்ள பிஸ்கட் தூள் மாவில் இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே குக்கீ பட்டரை வெண்ணெய்க்கு மாற்றாகக் கருதாமல், வெண்ணெயோடு கூடச் சேர்க்க வேண்டும்.

மெல்லும் பதம் எப்படி வருகிறது?

முதலில் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை சூட்டில் உருகி, ஆறும்போது மறுபடி படிகமாகி இறுகும். குக்கீயின் மொறுமொறுப்பு அதிலிருந்து வருகிறது. பழுப்புச் சர்க்கரையில் கரும்புப் பாகின் கசண்டு கலந்திருக்கிறது. அதிலுள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் படிகமாவதைத் தடுத்து, ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. வெல்லப்பாகில் பிசைந்த அதிரசம் இரண்டு நாள் கழித்தும் மெத்தென்று இருப்பதைப் போல, பழுப்புச் சர்க்கரைக் குக்கீயும் சீக்கிரம் காய்வதில்லை. தொட்டால் ஈர மணல்போல ஒட்டுவதே சரியான பழுப்புச் சர்க்கரை. டெமராரா எனப்படும் காய்ந்த பெரிய பரல்கள் இதற்கு உதவா. நாட்டுச் சர்க்கரையைக் கட்டியில்லாமல் சலித்துப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது வெண்ணெய். உருக்காமல் இளகிய பதத்திலுள்ள வெண்ணெயைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்தால் மாவுக்குள் காற்று புகுந்து, குக்கீ கேக் போல உப்பும். உருக்கிய வெண்ணெயில் காற்று நிற்காது. குக்கீ அடர்த்தியாகி, பல்லுக்கு மெல்ல இடம் கொடுக்கும்.

மூன்றாவது முட்டை. வெள்ளைக்கரு பெரும்பாலும் தண்ணீரும் புரதமும்தான். மஞ்சள் கருவில் கொழுப்பும், எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிணைக்கும் லெசித்தினும் உண்டு. அதனால்தான் ஒரு முழு முட்டையோடு ஒரு மஞ்சள் கருவைக் கூடுதலாகச் சேர்க்கிறோம்.

கடைசியாக நேரம். நடுப்பகுதி இன்னும் வேகவில்லையோ என்று தோன்றும்போதே தட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். சூடான தட்டின் மேலேயே மீதி வேக்காடு முடிந்துவிடும்.

மசாலாவின் அளவு

பெல்ஜிய ஸ்பெகுலூஸில் மசாலா கொஞ்சம்தான். பிஸ்காஃபில் உள்ள மசாலா பட்டை ஒன்றே, மற்றச் சுவை சர்க்கரைப் பாகிலிருந்து வருகிறது. நெதர்லாந்து ஸ்பெகுலாஸில் பட்டையோடு கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு, ஏலக்காய், வெள்ளை மிளகு எல்லாம் சேரும். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசியாவின் மசாலா வணிகத்தைக் கைக்குள் கொண்டுவந்தது. 1656-இல் கொழும்பைப் பிடித்த பிறகு இலங்கையின் கறுவாவும் அவர்கள் வசமானது. அந்த வணிகத்தின் மணம் இன்றும் இந்த பிஸ்கட்டில் இருக்கிறது.

நம் மளிகைக் கடைகளில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் தடித்த, காரமான கேசியா வகை. இலங்கைக் கறுவாவோ தாள்போல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும். இனிப்பான, மென்மையான மணம் கொண்டது. கேசியா என்றால் கீழேயுள்ள அளவில் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் அன்றைக்கே பொடித்துப் போட்டால் மணமே வேறு.

தேவையானவை (18 குக்கீகளுக்கு)

- உப்பில்லாத வெண்ணெய் – 100 கிராம்
- குக்கீ பட்டர் – 120 கிராம்
- பழுப்புச் சர்க்கரை – 150 கிராம்
- வெள்ளைச் சர்க்கரை – 50 கிராம்
- முட்டை – 1, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு
- வெனிலா எசன்ஸ் – 1 டீஸ்பூன்
- மைதா – 220 கிராம்
- பேக்கிங் சோடா – அரை டீஸ்பூன்
- உப்பு – அரை டீஸ்பூன்
- பட்டைப் பொடி – ஒன்றரை டீஸ்பூன்
- சுக்குப் பொடி – அரை டீஸ்பூன்
- ஏலக்காய்ப் பொடி, ஜாதிக்காய்ப் பொடி – தலா கால் டீஸ்பூன்
- கிராம்புப் பொடி, வெள்ளை மிளகுப் பொடி – தலா ஒரு சிட்டிகை

மைதாவைக் கப்பில் அழுத்தி அள்ளினால் முப்பது நாற்பது கிராம் கூடிவிடும். ஈரக் கணக்கு அங்கேயே தவறும். சமையலறைத் தராசு இருந்தால் அதையே நம்புங்கள்.

செய்முறை

1. வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, விரல் வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும்வரை ஆறவிடுங்கள். சூடாகச் சேர்த்தால் முட்டை வெந்துவிடும்.
2. அதில் குக்கீ பட்டரையும் இரண்டு சர்க்கரைகளையும் போட்டுக் கட்டியில்லாமல் கலக்குங்கள்.
3. முட்டை, மஞ்சள் கரு, வெனிலா சேர்த்து, கலவை பளபளப்பாகும்வரை ஒரு நிமிடம் கலக்குங்கள்.
4. மைதா, சோடா, உப்பு, மசாலாப் பொடிகளைச் சேர்த்துச் சலித்து, கலவையில் கொட்டிக் கரண்டியால் புரட்டுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். பிசைந்தால் குக்கீ ரப்பராகும்.
5. பாத்திரத்தை மூடி ஃபிரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். ஓர் இரவு வைத்தால் இன்னும் நல்லது. மைதா ஈரத்தை முழுதாக உறிஞ்ச இந்த நேரம் வேண்டும். இறுகிய கொழுப்பு மெதுவாக உருகுவதால் குக்கீ தட்டில் பரந்து ஓடாது.
6. ஓவனை 175 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்குங்கள். விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் வகை என்றால் 160 டிகிரி போதும்.
7. மாவை 40 கிராம் உருண்டைகளாக்கி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் மூன்று விரல் இடைவெளி விட்டு வையுங்கள்.
8. 10 முதல் 12 நிமிடம் சுடுங்கள். ஓரம் இறுகிச் சிவந்து, நடுப்பகுதி உப்பலாகவும் பளபளப்பு முழுதும் போகாமலும் இருக்கும்போது எடுங்கள்.
9. தட்டிலேயே பத்து நிமிடம் விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள்.

முதல் தடவை ஒரே ஓர் உருண்டையைச் சுட்டுப் பாருங்கள். ஓவனுக்கு ஓவன் சூடு மாறும். அந்த ஒன்று உங்கள் ஓவனின் சரியான நேரத்தைச் சொல்லிவிடும்.

சரியாக வராவிட்டால்

குக்கீ அப்பளம்போலப் பரந்துவிட்டால் மாவு குளிரவில்லை, அல்லது முன்பு சுட்ட சூடான தட்டிலேயே அடுத்த ஈடை வைத்திருக்கிறீர்கள். வெயில் காலத்தில் உருட்டிய பிறகும் பதினைந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பரவாமல் உருண்டையாகவே நின்றுவிட்டால் மைதா கூடியிருக்கும். மீதி உருண்டைகளை உள்ளங்கையால் லேசாக அழுத்திச் சுடுங்கள். ஆறியதும் கல்லாக இறுகினால் இரண்டு நிமிடம் முன்னதாக எடுங்கள். சோப்பு போன்ற கசப்பு தட்டினால் சோடா அதிகம்.

முட்டை சேர்க்காதவர்கள் அதற்குப் பதில் 60 கிராம் கெட்டித் தயிர் போடலாம். குக்கீ மிருதுவாக வரும். இழுத்து மெல்லும் தன்மை சற்றுக் குறையும்.

குக்கீ பட்டரை வீட்டில் அரைக்க

ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் 200 கிராம் ஸ்பெகுலூஸ் பிஸ்கட்டை நைசாகப் பொடியுங்கள். 30 கிராம் பொடித்த சர்க்கரையும் 90 மில்லி சூரியகாந்தி எண்ணெயும் சேர்த்து, விட்டுவிட்டு அரைத்தால் விழுதாகிவிடும். தண்ணீரோ பாலோ ஒரு சொட்டும் வேண்டாம். சேர்த்தால் சில நாளில் கெட்டுவிடும். கடையில் வாங்கியதானாலும் வீட்டில் அரைத்ததானாலும் இதில் கோதுமை உண்டு, பெரும்பாலும் சோயாவும் உண்டு. ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்கும் முன் கவனம் தேவை.

வைத்திருக்கும் முறை

முழுதும் ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் நான்கைந்து நாள் மெல்லும் பதம் குறையாது. சூட்டோடு மூடினால் நீர் கோத்து நசநசத்துவிடும். உருட்டிய மாவை ஃப்ரீசரில் இரண்டு மாதம் வைத்து, வேண்டும்போது எடுத்து, வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுடலாம்.

ஒருமுறை பதம் பிடிபட்டபின் மசாலாவை உங்கள் வீட்டு ருசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏலக்காயைக் கூட்டலாம், கிராம்பை விடலாம், ஜாதிபத்திரி சேர்க்கலாம், குக்கீ தாங்கிக்கொள்ளும். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா ஆகிய நான்கின் விகிதத்தை மட்டும் தொடாதீர்கள். ஈரம் அவற்றின் பொறுப்பில்தான் இருக்கிறது.